படம் ஓடுகிறது, கெட்டிமேளம் எங்கே?

மும்பைத் தமிழர் வீட்டு அலமாரிகளில் பழைய கல்யாண வீடியோ கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து டி.வி.டி. ஆக்குகிறவர்களுக்கு ஒரு சங்கடம் வருகிறது. படம் தெரியும், சத்தம் வராது.

என் வீட்டிலும் இதே கதைதான். அக்காள் கல்யாணத்தில் அம்மா நலங்குப் பாட்டுப் பாடுகிறாள். அம்மா இப்போது இல்லை. டி.வி.டி.யில் அவள் வாய் அசைகிறது, பாட்டைக் காணோம்!

பதற வேண்டாம். கம்ப்யூட்டரில் உள்ள மூலப் பதிவை வி.எல்.சி.யில் ஓட்டிப் பாருங்கள். அதிலும் ஊமை என்றால், பதிவின்போது ஒலி ஒயரைச் செருகினீர்களா என்று பாருங்கள். மஞ்சள் ஒயர் படத்துக்கு மட்டுமே. வெள்ளையும் சிவப்பும்தான் ஒலிக்கு.

மூலத்தில் குரல் கேட்கிறதா? அப்படியானால் கோளாறு சாப்ட்வேரில். டி.வி.டி. படத்துக்கு ஏ.சி.3, பி.சி.எம்., எம்.பி.2 போன்ற ஒலி வகைகளே ஆகும். எம்.பி.3, ஏ.ஏ.சி. ஆகாது. சாப்ட்வேர் ஒலியைத் தனியே பிரித்து மாற்ற வேண்டும். அதில் தவறினால் ஊமைப் படம்தான்.

எங்கள் பதிவில் இருந்தது எம்.பி.3. வேறொரு சாப்ட்வேரில் போட்டேன். சத்தம் வந்தது, ஆனால் தாலி கட்டி முடிந்தபிறகு கெட்டிமேளம் கேட்டது! பிட் அளவு இடத்துக்கு இடம் மாறும் எம்.பி.3-இல் இந்த வம்பு உண்டு.

கடைசியில், எப்.எப்.எம்பெக் என்ற இலவச சாப்ட்வேரால் ஒலியை மட்டும் 48,000 ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுத்தேன். அதைப் படத்தோடு சேர்த்து டி.வி.டி. ஆக்கினேன். அம்மா பாடினாள்.

தட்டில் பதியுமுன் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். பிசகு அங்கேதான் அதிகம் தெரியும். கேசட்டை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.