மைல் கணக்கும் மணிக் கணக்கும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் எவ்வளவு தூரம்? ஏறத்தாழ 37 கிலோமீட்டர் என்று உடனே பதில் வரும். எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்!

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வண்டிக்கு 28 நிமிடம். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என நின்று நின்று, சராசரி 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டிக்கு 55 நிமிடம். அந்த வண்டிக்காக ஒரு மணி நேரம் காத்துக் கிடந்த தொழிலாளிக்கோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம்! தூரம் ஒன்றுதான், துன்பம் ஒன்றா?

லண்டன் சுரங்க ரயிலுக்காக ஹாரி பெக் வரைந்து 1933-இல் வெளியான படம் உலகப் புகழ் பெற்றது. வழி தெரிந்தது, நேரம் தெரியவில்லை. ஆனால் 1881-லேயே லண்டனிலிருந்து உலகின் எப்பகுதிக்கு எத்தனை நாள் பயணம் என்று வண்ணந்தீட்டிக் காட்டினார் ஃபிரான்சிஸ் கால்ட்டன். கனவான்களின் கடற்பயணத்துக்கு அன்றே படம் கிடைத்தது. உழைப்பாளியின் பயணத்துக்கு?

சென்னை, விருத்தாசலம், மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து வழிகள் கூடும் சந்திப்பு விழுப்புரம். அங்கே நிமிடக் கணக்குப் படம் ஒன்று தொங்கட்டும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து எழுதட்டும். காலைக்கு ஒரு கணக்கு, இரவுக்கு ஒரு கணக்கு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்து வருபவர் கேட்பது கிலோமீட்டரையா? நிமிடத்தை!

அத்தகைய படம் பயணிக்கு வழிகாட்டி; நிர்வாகத்துக்கோ முகம் காட்டும் கண்ணாடி. அருகிலிருந்தும் தொலைவில் தள்ளப்பட்ட ஊர் எது என்பதை அது அம்பலப்படுத்தும்.

தோழர்களே, முதலில் படத்தைக் கேட்போம். படம் வந்தபின், வண்டியையும் கேட்போம்!