வேனிலின் இலக்கணம்

'வசந்தம்' என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அது வடமொழிச் சொல் என்பதால் இல்லை. அந்தச் சண்டை வேறு, அதை இங்கே போடப் போவதில்லை. வடமொழி மரபில் வசந்தன் காமனின் தோழன். பிறகு பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடநூல் வழியாக ஐரோப்பாவின் பனியும் அவன்மேல் வந்து படிந்தது. உறைந்த ஆறு, மொட்டை மரம், சாத்திய கதவு, பிறகு ஒருநாள் எல்லாம் திறந்துகொள்கிற ஆனந்தம் என்றொரு கதையாடல் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது. நம்ம ஊரில் ஆறு உறைவதில்லை. காய்கிறது. காய்ந்த ஆற்றை வைத்துக்கொண்டு எந்த வசந்தத்தைப் பற்றிப் பேசிக்கிட்டு இருக்கோம் என்பதுதான் என் கேள்வி.

அரசியல் மொழியில் இது இன்னும் வேடிக்கையாக நடந்திருக்கிறது. 1967 மே மாதம் நக்சல்பாரியில் விவசாயிகள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. ஜூலை 5-ஆம் தேதி பீக்கிங்கின் மக்கள் நாளிதழ் அந்த எழுச்சியை 'வசந்தத்தின் இடிமுழக்கம்' என்று தலையங்கத்தில் வரவேற்றது. வடவங்காளத்தில் ஜூலை என்பது தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற காலம். இடி உண்டு, வசந்தம் எங்கே? இருந்தும் நம் தோழர்கள் அந்தப் படிமத்தை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். 1968-ல் பிராக் நகரத்துக்கு, பிறகு 2011-ல் அரபு நாடுகளுக்கு என்று அந்தப் பெயர் தொடர்ந்து ஒட்டப்பட்டது. துனிசியாவில் அது தொடங்கியதோ 2010 டிசம்பரில். சொல் போகிற இடமெல்லாம் அதன் தட்பவெப்பமும் கூடவே போய் உட்கார்ந்துகொள்கிறது.

தொல்காப்பியம் பொழுதைப் பங்கு போடுகிற விதத்தை இதற்கெதிரே வைத்துப் பார்க்கலாம். முல்லைக்குக் கார். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும். வேனில் பாலைக்குப் போகிறது, பின்பனியும் கூடவே போகிறது. வேனில் என்றால் இளவேனில், முதுவேனில் இரண்டும் என்று கணக்கு. பின்பனிக்கு மாசி, பங்குனி. இளவேனிலுக்குச் சித்திரை, வைகாசி. முதுவேனிலுக்கு ஆனி, ஆடி. ஆகமொத்தம் ஆறு மாதம், சரிபாதி வருஷம் பாலைக்கு, அதாவது பிரிவுக்கு. ஆண்டின் தொடக்கத்தைக்கூட நச்சினார்க்கினியர் ஆவணியிலிருந்து, காரிலிருந்துதான் எண்ணுகிறார். மழையில் தொடங்கி வெயிலில் முடிகிற ஆண்டு அது.

ஆகவே இந்த இலக்கணத்தில் இளவேனில் சேர்க்கையின் பருவம் ஆகவில்லை. குயில் கூவும், கோங்கு பூக்கும், முருக்கு சிவக்கும். ஆள் மட்டும் வீட்டில் இல்லை. பருவம் இங்கே ஒரு தவணை. 'இன்ன பூ பூக்கும்போது வந்துவிடுவேன்' என்று சொல்லிவிட்டுப் போனவனுடைய வாக்கு, மரத்தில் பூவாக வெளிப்படுகிறது. குறிப்பான் வந்துவிட்டது, குறிக்கப்பட்டவன் வரவில்லை என்று அமைப்பியல் நண்பர்கள் சொல்லக்கூடும். சரிதான், ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் மரம் வெறும் குறியாகிப் போய்விடும். திணையை முழுக்க 'அகநிலக்காட்சி' என்று வாசிக்கிற பழக்கத்தில் நமக்கு நிலமும் மரமும் கைவிட்டுப் போய் ரொம்ப நாளாகிறது.

மரம் என்ன செய்கிறது? மாசி, பங்குனியில் வேம்பும் புங்கும் இலையை உதிர்க்கின்றன. சில நாள் மொட்டையாய் நிற்கின்றன. பிறகு, ஒரு சொட்டு மழை இல்லாமல், வேம்பு செம்பு நிறத்தில் தளிர்க்கிறது, புங்கு கண்ணைப் பறிக்கிற பச்சையில் தளிர்க்கிறது. கிணறு இறங்கிக்கொண்டிருக்கிற நேரம் அது. மழை வர இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. மழை பெய்தால் தளிர்க்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. பெய்யாமலே ஏன் தளிர்க்கிறது?

தாவரவியலாளர்களையும் இது நெடுநாள் குழப்பியிருக்கிறது. கிய்யெர்மோ ரிவேரா, ரோல்ஃப் போர்ச்செர்ட் முதலியோர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட வெப்பமண்டலக் காடுகளின் பல மரங்கள் பகற்பொழுது நீள்வதை உணர்ந்தே துளிர்க்கின்றன என்றார்கள். 2006-ல் எலியட், பேக்கர், போர்ச்செர்ட் மூவரும் ஆசியப் பருவமழைக் காடுகளில் இதே முரணை எடுத்துப் பேசினார்கள். சென்னை அட்சரேகையில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரந்தான். நமக்கு அது உறைப்பதே இல்லை, மரத்துக்கு உறைக்கிறது. இலையை உதிர்த்தவுடன் ஆவியாகிற நீர் நின்றுபோகிறது. ஆழ்வேர் அடியிலிருந்து எடுத்துத் தருகிற ஈரத்தில் தண்டு நிரம்புகிறது. அந்தச் சேமிப்பை வைத்துத் தளிர் விடுகிறது. மழை வருகிறபோது இலை முற்றித் தயாராக இருக்கும். இல்லாத மழையை நம்பி முன்கூட்டியே செய்கிற செலவு என்று இதைச் சொல்லலாம். குறுந்தொகையின் 66-ஆம் பாட்டில் தோழி, பருவமல்லாத மழையைக் காரென்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றை அறிவற்றது என்று தலைவியைத் தேற்றுகிறாள். அப்படி மழையைக் காட்டி வேம்பை ஏமாற்ற முடியாது. அதன் கண் சூரியன்மேல் இருக்கிறது.

பஞ்சாங்கத்தின் கண் நட்சத்திரத்தின்மேல் இருக்கிறது. சிக்கல் இங்கேதான். சூரியன் மேடத்தில் நுழைகிற நாள் சித்திரை ஒன்று. இப்போது அது ஏப்ரல் 14. பகலும் இரவும் சமமாகிற நாள் மார்ச் 20 அல்லது 21. இரண்டும் ஒன்றாக இருந்தது சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன்னால். பூமியின் அச்சு தலையாட்டுவதால் ஏறக்குறைய 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகி, இன்று இருபத்துநாலு நாள் இடைவெளி விழுந்திருக்கிறது. அதனால்தான் பங்குனியில் தளிர்க்கிற வேம்பைப் பார்த்து, 'இளவேனில் சித்திரையில்தானே' என்று நாம் கணக்குச் சொல்கிறோம். மரம் தன் இடத்தில் நிற்கிறது, நம் மாதங்கள் நகர்ந்து போயிடுச்சு. இன்னொரு கூத்து, அக்கினி நட்சத்திரம் முழுசும் பஞ்சாங்கப்படி இளவேனிலுக்குள் விழுகிறது. மே மாத வெயிலில் தார் உருகுகிற சாலையில் நின்றுகொண்டு 'இது இளவேனில்' என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

பருவத்தைத் தவணையாக வைக்கிற வழக்கம் செத்துவிடவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போயாகணும். மும்பையிலோ திருப்பூரிலோ இருக்கிறவனிடம் "தீவாளிக்கு வராட்டாலும் உத்திரத்துக்கு வந்துருடே" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். வேம்பு தளிர்க்கிற நாளும் அவன் வரவேண்டிய நாளும் ஒன்றாகவே விழுகின்றன.

ஆனால் அந்த இலக்கணம் ஒருத்தி வீட்டில் காத்திருக்கிறாள் என்பதை எழுதாத விதியாக வைத்திருந்தது. இன்றைய பாலையில் அது கிடையாது. தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் ஏற ஏறத்தான் வேலை. பாத்தியில் உப்பு வாருவதும் சுமப்பதும் ஆண், பெண் இரண்டு பேருந்தான். ஐப்பசியில் மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். கார் போய்க் கூதிர் வந்து, அவனும் அவளும் வீட்டில்தான் இருக்கிறார்கள், கையில் காசில்லை. முல்லையின் மங்கலம் அங்கே பசியாக உருமாறிவிடுகிறது. காவிரி டெல்டாவில் தலைகீழ். வழக்கப்படி மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடி, ஜூன் 12-ல் திறக்கிறார்கள். சம்பா அறுத்த பிறகு நிலமற்ற கூலிக்கு, தளிர்க்கிற காலம் முழுக்க வேலையற்ற காலம்.

செங்கல் சூளையைத்தான் இன்றைய பாலையின் சுத்தமான வடிவமாக நான் பார்க்கிறேன். தை முதல் ஆனிவரை சூளை நடக்கும். உள்ளூர்க் குடும்பங்கள் போக, ஒடிசாவின் பலாங்கீர் மாதிரியான மாவட்டங்களிலிருந்தும் முன்பணம் வாங்கிக்கொண்டு புருஷன், பெண்டாட்டி, பிள்ளை எல்லாருமாக வருகிறார்கள். பிரிந்து போகிறவர்கள் குடும்பத்தோடு போய்விட்டால், ஊரில் காத்திருப்பது கிழடுகள்தான். மழைக்கு முன்னே திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தவர்கள். பழைய பாட்டின் அதே வாக்கு, தவணையை மட்டும் முன்பணக் கணக்குத் தீர்மானிக்கிறது. சித்திரையில் ஒரு கோடைமழை முந்திக்கொண்டு வந்தால் ஊரெல்லாம் குளிர்ந்தது என்று சந்தோஷப்படும். அறுத்துக் காயப்போட்ட பச்சைக்கல் கரைந்துபோகும். கரைந்த கல்லுக்குப் பல சூளைகளில் கூலி கிடையாது. கடன் நிற்கும், ஊருக்குப் போகிற நாள் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.