பெருங்கடை டயர்கள் தரத்தில் தாழ்ந்தவையா?

மலிவான சரக்கைப் பற்றி மக்களிடையே இரு வேறு அபிப்பிராயங்கள் என்றும் இருந்து வருகின்றன. "விலையைக் குறைத்தவன் சரக்கிலும் ஏதேனும் குறைத்திருப்பான்" என்பது ஒன்று. "நடுவில் நிற்பவர்களின் இலாபம் ஒழிந்தமையால் விலை குறைந்தது, சரக்கு அதேதான்" என்பது மற்றொன்று. கூட்டுறவுப் பண்டகசாலையின் படியேறுவோர் மனத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுவதை நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள்.

இதே வழக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மோட்டார் டயர் விஷயமாக ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. நாடெங்கும் கிளைகளைப் பரப்பிய பெருங்கடைகள் மலிவாக விற்கும் டயரும், டயர் வியாபாரத்தையே தொழிலாகக் கொண்ட தனிக்கடைக்காரர் விற்கும் டயரும் தரத்தில் ஒன்றா, வேறா என்பதே அவ்வழக்கு. அரசாங்கமும் நீதிமன்றங்களும் சட்டமன்றமும் இதில் தலையிட்டிருக்கின்றன. நம்மவர் பலரும் வேனும் டிராக்டரும் வைத்திருப்பதனால் மட்டும் இது நமக்கு வேண்டிய விஷயமாகிவிடவில்லை. மொத்தமாக வாங்குவோருக்குச் சரக்குச் செய்து கொடுப்பவர்களும் நாமே. ஆகையால் இருபுறமும் நின்று இதை ஆராய்வது நலம் பயக்கும்.

ஆலை ஒன்று, பெயர் இரண்டு

அமெரிக்காவில் சியர்ஸ் ரோபக் என்னும் வியாபார ஸ்தாபனம் தபால் மூலமும் கடைகள் மூலமும் சகல சாமான்களையும் விற்றுப் பெயர் பெற்றது. 1926-ஆம் ஆண்டில் அது குட்இயர் டயர்க் கம்பெனியுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. டயர் செய்வதற்கு ஆகும் அடக்க விலையோடு நூற்றுக்கு 6 வீதம் இலாபம் சேர்த்து, அந்த விலைக்குக் குட்இயர் கொடுக்க வேண்டும். சியர்ஸ் தன் தேவைக்கெல்லாம் அக்கம்பெனியிடமே வாங்க வேண்டும். அந்த டயர்களின் மீது குட்இயர் என்ற பெயர் இராது. "ஆல்ஸ்டேட்" என்று சியர்ஸின் முத்திரையே இருக்கும். பிற்காலத்தில் பிரபலமடைந்த ஆல்ஸ்டேட் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 1931-இல் வைக்கப்பட்ட பெயர் இந்த டயரின் பெயரேயாம்.

குட்இயரின் சொந்த முகவர்களான சிறு வியாபாரிகள் கலங்கினார்கள். தாங்கள் வாங்கும் விலைக்கும் குறைவாகச் சியர்ஸ் வாங்குகிறது என்பதை அவர்கள் உணர்ந்தபோது, அந்த ஒப்பந்தத்தின் விவரங்கள் அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. பெருங்கடை டயர் மட்டமானது என்று சொல்வதைத் தவிர அவர்கள் கையில் வேறு ஆயுதம் இல்லை.

1933-இல் மத்திய வாணிப ஆணையம் குட்இயர் மீது வழக்குத் தொடுத்தது. 1936-இல் அது வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. சியர்ஸுக்குச் சென்ற டயர், குட்இயர் தன் பெயரில் விற்ற டயருக்குத் தரத்தில் ஒப்பானதென்றே ஆணையம் கண்டது. குற்றம் சரக்கில் இல்லை. ஒரே சரக்கை ஒருவருக்கு ஒரு விலையும் மற்றொருவருக்கு வேறு விலையும் வைத்துக் கொடுத்ததிலேயே குற்றம் என்றது.

அதே 1936-இல் ராபின்சன்–பாட்மன் சட்டம் நிறைவேறியது. மொத்தமாக வாங்குவோருக்கு விலையைக் குறைத்துக் கொடுக்கலாம்; ஆயினும் உற்பத்தியிலும் விற்பனையிலும் உண்மையாக மிச்சமாகும் செலவின் அளவுக்கே அந்தக் குறைப்பு இருக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் முக்கிய விதிகளுள் ஒன்று. சட்டம் வந்ததும் அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. பழைய சட்டப்படி ஆணையம் இட்ட கட்டளையை 1939-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது என்பது உண்மையே. ஆயினும் டயர்கள் தரத்தில் ஒத்தவை என்ற செய்தி உலகறிய வெளிவந்துவிட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து இதனினும் வியப்பான ஒன்று நடந்தது. இழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து செல்லும் பழைய மாதிரி டயர்களையே அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் விற்றுவந்த காலம் அது. 1966-இல் சியர்ஸ், பிரெஞ்சு நாட்டு மிச்செலின் கம்பெனியிடம் ரேடியல் டயர்களைச் செய்வித்து ஆல்ஸ்டேட் பெயரில் விற்கத் தொடங்கியது. ரேடியல் டயர் நெடுநாள் உழைப்பது; தரையை நன்கு பற்றுவது. ஆக, தனிக்கடைகளில் அரிதாக இருந்த உயர்ந்த சரக்கைப் பெருங்கடையே அந்நாட்டுப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அமெரிக்க உழவர் கூட்டுறவுச் சங்கங்களும் தம் பெயரிட்ட டயர்களைச் செய்வித்து உறுப்பினருக்கு விற்றன.

நெசவாளருக்கு இது புதிதன்று

அப்படியாயின், பெருங்கடை டயர் எப்போதும் மற்ற டயருக்கு நிகர்தானா? அவ்வாறும் சொல்லிவிட முடியாது. இங்கேதான் நம் நெசவாளரின் அனுபவம் துணை நிற்கிறது.

ஒரே தறியில், ஒரே நெசவாளர், இன்று 60-ஆம் நம்பர் நூலிலும் நாளை 80-ஆம் நம்பர் நூலிலும் நெய்கிறார். அங்குலத்திற்கு இத்தனை ஊடை என்று வாங்குவோர் சொல்கிறார். அதற்குத் தக்க கூலி. அதற்குத் தக்க துணி. அந்தத் துணி எந்தக் கடையில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் தரத்தைக் காட்டாது. நெய்யச் சொன்னவர் என்ன கேட்டார் என்பதே தரத்தைத் தீர்மானிக்கிறது.

டயரின் கதையும் அதுவே. டயருக்குள் இருப்பதும் ஒரு வகை நெசவுதான். வலுவான பாவு இழைகளை நெருக்கமாக நிறுத்தி, அவை கலையாதிருக்க மெல்லிய ஊடையைச் சிலவாக ஓட்டி நெய்த துணியை ரப்பரில் தோய்த்து அடுக்குவதே டயரின் உடல். ஆதியில் அது பருத்தி இழையாக இருந்தது. பின் ரேயான், நைலான், பாலியெஸ்டர் என மாறியது. அதன் மேல் எஃகுப் பட்டைகளும், பேச்சு வழக்கில் "பட்டன்" எனப்படும் மேற்புற ரப்பரும் அமைகின்றன. இவற்றுள் எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் விலை மாறும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். புது மோட்டார்க் கார் டயரின் பட்டன் ஆழம் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தபின் அதை ஓட்டுவது ஆபத்து. ஆகவே உபயோகமாகும் ஆழம் 6.4 மில்லிமீட்டர். பெருங்கடை ஒன்று விலையைக் குறைக்கும்பொருட்டு, 7 மில்லிமீட்டர் பட்டன் போதும் என்று தனக்கென ஒரு மாதிரியைச் செய்வித்தால், உபயோகமாகும் ஆழத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடும். விலையும் ஆறில் ஒரு பங்கு குறைந்திருந்தால் வாங்கியவருக்கு இலாபமுமில்லை, நஷ்டமுமில்லை. அதனினும் குறைவாகவே விலை இறங்கியிருந்தால் அவர் ஏமாந்தார்.

ஆகவே இரண்டு வகைச் சரக்கைப் பிரித்தறிதல் வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே மாதிரிப் பெயர், ஒரே அளவு, ஒரே சுமை எண் கொண்ட டயர் பெருங்கடையிலும் தனிக்கடையிலும் இருந்தால், பெருங்கடைக்கென்று மட்டமாகச் செய்து அனுப்பினார்கள் என்று ஐயுறுவதற்குக் காரணமில்லை. ஆனால் ஒரு பெருங்கடையில் மட்டுமே கிடைக்கும் மாதிரி தனிச் சரக்கு. வால்மார்ட் கடைகளில் நெடுங்காலம் விற்கப்பட்ட டக்ளஸ் டயர் குட்இயர் கம்பெனியின் தயாரிப்பே. எனினும் அதைக் குட்இயரின் விலையுயர்ந்த மாதிரிகளோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. செய்தவர் ஒருவராயினும் செய்யச் சொன்னது வேறு.

கண்ணுக்குத் தெரியாத தரம்

துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். டயரை அறுத்துப் பார்த்து வாங்குவார் எவருமில்லை. இதனால் ஒரு காலத்தில் அமெரிக்காவில் "முதல் வரிசை", "உயர்தரம்" என்றெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தத்தம் மனம்போல் பெயரிட்டு விற்றன. ஒருவரது முதல் வரிசை மற்றொருவரது இரண்டாம் வரிசைக்கும் தாழ்ந்திருக்கலாம், கேட்பாரில்லை.

1966-இல் வந்த போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு முடிவு கட்ட முனைந்தது. குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகள் 1968 முதல் அமலாயின. பெருங்கடையாயினும் சிறுகடையாயினும் அந்த விதிகளுக்கு உட்படாத டயரை விற்கலாகாது. தர எண்கள் இடும் முறையோ கம்பெனிகளின் எதிர்ப்பினால் தாமதமாகி 1979-இல்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கியது.

அம்முறைப்படி கார் டயரின் பக்கச் சுவரில் மூன்று குறிகள் இருக்கும். முதலாவது தேய்மான எண். டெக்ஸாஸ் மாகாணத்துச் சாலைகளில் 7,200 மைல் ஓட்டிப் பார்த்து, 100 எண் கொண்ட ஒரு மாதிரியோடு ஒப்பிட்டு இது இடப்படும். 200 என்றால் அந்தச் சோதனையில் இருமடங்கு உழைப்பு என்பது பொருள். இரண்டாவது, நனைந்த சாலையில் பற்றும் தரம். ஏஏ, ஏ, பி, சி என இறங்கும். மூன்றாவது, வெப்பந்தாங்கும் தரம். ஏ, பி, சி என இறங்கும். இந்த எண்களை இடுவோர் கம்பெனிகளே ஆதலால் இவற்றைத் துல்லியமான தராசாகக் கொள்ளலாகாது. ஆயினும் வெறும் விளம்பரப் பெயரைவிட இவை எத்தனையோ மேல்.

நம் நாட்டிலும் டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2009-இல் பிறப்பிக்கப்பட்டது. முத்திரை இல்லாத டயர் எவ்வளவு சகாயமாகக் கிடைத்தாலும் அதன் பக்கம் திரும்பாதிருத்தலே விவேகம்.

பெயரும் காவாது, மலிவும் காவாது

பேர்பெற்ற கம்பெனியின் முத்திரை இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் 2000-ஆம் ஆண்டை நினைவுகொள்ள வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பயர்ஸ்டோன் கம்பெனி, சாலையில் ஓடிக்கொண்டிருந்த சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. ஓடும்போதே பட்டன் உரிந்து வண்டிகள் கவிழ்ந்து, பலர் உயிரிழந்தனர். அவை தெருவோர மலிவுச் சரக்கல்ல. அவற்றுள் பெரும்பகுதி புது வண்டியோடு பொருத்தியே வந்தவை.

மலிவையே நம்பியவர்களுக்கு 2007-ஆம் ஆண்டு பாடம் தந்தது. சீனாவிலிருந்து வரவழைத்த டயர்கள் சிலவற்றில், பட்டைகள் பிரியாதிருக்க இடையே வைக்கும் ரப்பர்ப் பட்டி விடப்பட்டிருக்கிறது என்று வரவழைத்த வியாபாரியே முறையிட, அவற்றைத் திரும்பப் பெறும் நிலை ஏற்பட்டது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே ஒரு மெல்லிய பட்டி குறைந்ததில் விலை குறைந்தது. இவ்வகைக் குறைப்பே நாம் அஞ்சவேண்டியது.

வாங்குவோர் கவனிக்க

டயர் வாங்கும் அங்கத்தினர்கள் சில விஷயங்களைத் தாமே பார்த்துக்கொள்ளலாம். பக்கச் சுவரில் பொறித்த நான்கு இலக்க எண் டயர் பிறந்த தேதியைக் காட்டும்; 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் என்பது பொருள். ரப்பர் கிடந்தாலும் முதுமையடையும் பண்டம். ஆகவே பெருங்கடையோ சிறுகடையோ, நெடுநாள் தேங்கிய சரக்கைத் தவிர்க்க வேண்டும். சுமை எண்ணும் வேகக் குறியும் வண்டிக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். விலையை ஒப்பிடும்போது, பொருத்தும் கூலி, பாலன்சிங், வால்வு, உத்தரவாதம் அனைத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். பொருத்துபவர் கைத்திறனும் முக்கியம். நல்ல டயரும் தவறாக மாட்டினாலோ, காற்றுக் குறைந்து ஓடினாலோ கெட்டுப்போகும். பழகிய தனிக்கடைக்காரர் பஞ்சர் ஒட்டி, காற்றுப் பார்த்து, கடனும் கொடுத்து உதவுவாரானால், அந்தச் சேவைக்கும் ஒரு மதிப்புண்டு. அதையும் கணக்கில் சேர்ப்பதே நியாயம்.

நமக்குரிய பாடம்

இந்த நூறாண்டு வழக்கிலிருந்து தெளிவது ஒன்று. "எந்தக் கடையில் வாங்கினாய்?" என்பது பயனற்ற கேள்வி. "விலை எங்கே குறைந்தது?" என்பதே கேட்கத்தக்க கேள்வி. விளம்பரத்திலும், தரகிலும், தேங்கிய சரக்கின் வட்டியிலும் குறைந்திருந்தால் அது நேர்மையான மலிவு. அதுவே கூட்டுறவின் மலிவு. இழையிலும் ரப்பரிலும் குறைந்திருந்தால் அது மலிவன்று; பின்னால் கட்டவேண்டிய கடன். செய்தவரின் கூலியில் குறைந்திருந்தாலும் அதை நாம் மலிவென்று ஒப்பலாகாது.

குட்இயரின் சிறு வியாபாரிகள் வருந்தியதற்கு விலை மட்டுமே காரணமன்று. மறைவும் ஒரு காரணம். நம் சங்கங்களில் மறைவுக்கு இடமில்லை. பண்டகசாலை தன் பெயரில் ஒரு சரக்கை விற்குமானால், அதைச் செய்தவர் யார், எந்த அளவுப்படி செய்தார், விலை எவ்வாறு குறைந்தது என்பதை அங்கத்தினர் கேட்குமுன் எழுதி வைத்தல் வேண்டும். பெரிய வியாபாரி ஒருவர் நம்மிடம் வந்து, அதே துணியைக் குறைந்த விலைக்குக் கேட்பாரானால், அவருடைய மொத்தக் கொள்முதலால் நமக்கு எவ்வளவு செலவு மிச்சமாகிறதோ அவ்வளவே விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு மேலும் அவர் வற்புறுத்தினால் ஊடையைக் குறைக்க நேரும். குறைத்த ஊடை முதல் சலவையில் தெரிந்துவிடும். அன்று கெடுவது அந்த வியாபாரியின் பெயரன்று, நம் சங்கத்தின் பெயரே.

சியர்ஸ் ஸ்தாபனம் 2018-இல் திவால் பாதுகாப்புக் கோரி, இன்று அநேகமாகக் கடைத்தெருவிலிருந்து மறைந்துவிட்டது. அது எழுப்பிய கேள்வி மட்டும் ஒவ்வொரு பண்டகசாலையின் வாயிலிலும் நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு மறைவின்றி விடை கூறும் சங்கங்களே அங்கத்தினரின் நம்பிக்கையைப் பெற்று நிலைத்து நிற்கும்.