பெரிய உயிரா, சின்ன உயிரா?

பிரசவ அறைக் கதவு திறக்கிறது. டாக்டர் வெளியே வருகிறார். “பெரிய உயிரா, சின்ன உயிரா?” என்று கேட்கிறார். சினிமாவில் இந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்து அழுதிருக்கிறோம்.

“தாய் செத்தாலும் பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதுதான் கத்தோலிக்க மதத்தின் சட்டம்” என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

1951-ம் ஆண்டு நவம்பரில் போப் ஆண்டவர் 12-ம் பயஸ் இதற்கு விளக்கம் சொன்னார். தாயைவிடப் பிள்ளையின் உயிர்தான் பெரிது என்று திருச்சபை ஒருநாளும் போதித்ததில்லை என்றார். இரண்டும் உயிர்தான். ஒன்றைக் காப்பதற்காக மற்றதைக் கொல்லக் கூடாது.

கர்ப்பிணிக்கு நோய் வந்தால்? வைத்தியம் செய்யலாம். கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். பையை எடுத்தால்தான் தாய் பிழைப்பாள். எடுத்தால் சிசு பிழைக்காது. இந்த ஆபரேஷன் பாவம் அல்ல. டாக்டர் வெட்டுவது நோயை. சிசு சாக வேண்டும் என்று யாரும் விரும்பவில்லை. ஆனால் சிசுவையே அழித்துத் தாயைக் காப்பது கூடாது.

கரு குழாயில் தங்கிவிட்டால், அந்தக் குழாயை வெட்டி எடுக்கலாம் என்பது சமய அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. மருந்து கொடுத்துக் கருவைக் கரைக்கலாமா என்பதில் இன்றும் தகராறு உண்டு.

இத்தாலியில் ஜியன்னா பெரெட்டா மொல்லா என்று ஒரு பெண் டாக்டர் இருந்தார். கணவர் என்ஜினீயர். மூன்று குழந்தைகள். 1961-ல் அடுத்த குழந்தை வயிற்றில் இருந்தது. இரண்டாவது மாதத்தில் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது.

கருவைக் கலைக்கலாம், அதைத் திருச்சபை ஏற்காது. கர்ப்பப்பையோடு கட்டியை எடுத்துவிடலாம். அதைத் திருச்சபை தடுக்கவில்லை. ஜியன்னா இரண்டையும் வேண்டாம் என்றார். கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னார். அதில் தனக்கு என்ன ஆபத்து என்று அவருக்குத் தெரியாதா? டாக்டர் ஆயிற்றே!

1962 ஏப்ரல் 21-ந் தேதி, ஈஸ்டருக்கு முதல் நாள், பெண் குழந்தை பிறந்தது. வயிற்றுக்குள் சீழ் பிடித்து, 28-ந் தேதி ஜியன்னா இறந்தார். வயது 39.

2004 மே 16-ந் தேதி ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். 91 வயதுக் கணவர் வந்திருந்தார். அந்தக் கடைசிப் பெண்ணும் வந்திருந்தார். அவரும் ஒரு டாக்டர்.

எல்லாத் தாய்மாரும் இப்படிச் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஜியன்னாவைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு தாயின் கதை வேறு மாதிரி. 2009-ல் அமெரிக்காவில், பீனிக்ஸ் நகரத்தின் கத்தோலிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் சேர்க்கப்பட்டாள். ஏற்கெனவே நான்கு குழந்தைகள். இப்போது 11 வாரக் கர்ப்பம். நுரையீரல் ரத்தக் குழாய்களில் கடுமையான அழுத்தம். வெட்டி எடுக்க ஒரு கட்டி இல்லை. கர்ப்பமே அவள் இதயத்தை நெருக்கியது. கர்ப்பம் நீடித்தால் பிழைக்க மாட்டாள் என்றார்கள் டாக்டர்கள். தாய் போனால் 11 வாரச் சிசுவும் போய்விடும்.

ஆஸ்பத்திரிக் குழுவில் இருந்த கன்னிகாஸ்திரீ ஒருவர் கருவைக் கலைக்கச் சம்மதித்தார். தாய் பிழைத்தாள்.

அந்த வட்டாரத்து பிஷப் இதை ஏற்கவில்லை. இது சிசுவை நேரடியாக அழித்த செயல்தான் என்றார். கன்னிகாஸ்திரீ திருச்சபைக்குப் புறம்பானார் என்று அறிவித்தார். 2010 டிசம்பரில், அது இனிமேல் கத்தோலிக்க ஆஸ்பத்திரி அல்ல என்றும் அறிவித்துவிட்டார். சமய அறிஞர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். சட்டத்தைப் பார்த்தால் பிஷப் சொன்னது சரியாகத் தோன்றுகிறது. அந்த நான்கு குழந்தைகளை நினைத்தால், கன்னிகாஸ்திரீயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஆண்டு அவரைத் திருச்சபையில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள்.