அழைத்தால்தான் வரலாம்

ஓய்வுபெற்றோர் குடியிருப்பை நடத்தும் நிறுவனத்தின் மேலாளர், அந்த வளாகத்துக்குள்ளேயே நடக்கும் ஒரு கூட்டத்துக்கு அழைப்பில்லாமல் போக முடியாது என்றால் நம்ப முடிகிறதா? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அதுதான் நடைமுறை. அங்கே 1999-இல் வந்த சட்டப்படி, குடியிருப்போர் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு குழு அமைத்துக்கொள்ளலாம். நிறுவனத்தாருக்கு அதில் இடமில்லை; அழைத்தால்தான் குழுவின் கூட்டத்துக்கு வரலாம். எரியாத விளக்கு, வழுக்கும் நடைபாதை, வெட்டாத புல் என்று வரும் குறைகளை நிர்வாகத்தின் காதில் போடுவது குழுவின் வேலை.

சுவாரசியமே பராமரிப்புக் கட்டணத்தில்தான். விலைவாசி உயர்வைத் தாண்டி அதை ஏற்ற வேண்டுமானால், நிறுவனம் குடியிருப்போரிடம் சம்மதம் கேட்க வேண்டும். குழுத் தலைவர் தலையாட்டினால் போதாது. குடியிருப்போரே வாக்களிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், இல்லையென்றால் நாலு பேரைக் கைக்குள் போட்டுக்கொண்டு காரியத்தை முடித்துவிடலாமே! குடியிருப்போர் மறுத்துவிட்டால், நிறுவனம் மாநிலத் தீர்ப்பாயத்தின் கதவைத்தான் தட்ட வேண்டும். கட்டணத்தை எவ்வளவு ஏற்றலாம் என்பதை அங்கே முடிவுசெய்வார்கள்.