வெயில் விழாத மூலைக்குப் பெரணி

வடபுறச் சந்திலும் கிணற்றடியிலும் ரோஜாவை வைத்துவிட்டு, பூக்கவில்லையே என்று அலுத்துக்கொள்பவர்கள் பலர். அதே கிணற்றின் உட்சுவரில், சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடுக்கில், யாரும் நடாத பெரணி செழித்திருக்கும். அந்த நிழலுக்கு எது பொருந்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நிழல் என்றதும் வீட்டுக்குள் இருட்டு மூலையில் வைத்துவிடக் கூடாது. மரத்தடியில் இலைகளினூடே சலித்து விழுமே, அந்த வெளிச்சம் வேண்டும். அதைவிட முக்கியம் காற்றில் ஈரம். சமவெளியில் பெரணிகள் கருகுவது பெரும்பாலும் வறண்ட காற்றால்தான். கத்திரி வெயில் நாட்களில் தொட்டிகளை நெருக்கி வைத்து, சுற்றியுள்ள தரையைக் காலையும் மாலையும் நனையுங்கள். தொட்டிக்குள் மட்டும் தண்ணீர் தேங்கவே கூடாது, வேர் அழுகிவிடும். இலைமக்கு, மணல், தென்னை நார்க்கழிவு, கொஞ்சம் கரித்துண்டு சேர்ந்த பொலபொலப்பான கலவை நல்லது. நார்க்கழிவை உப்புப் போக அலசிச் சேர்க்க வேண்டும். உப்பான போர்த் தண்ணீரும் இலை நுனியைக் கருக்கும். மழைநீர் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு பாஸ்டன் பெரணி போதும். கொஞ்சம் கவனம் பிசகினாலும் தாங்கும். எனக்குப் பிடித்தது முடவாட்டுக்கால். கொல்லிமலையில் சூப் வைக்கிறார்களே, ரோமம் அடர்ந்த அந்தக் 'கிழங்கு', உண்மையில் ஒரு பெரணியின் தண்டு. மரத்திலும் பாறையிலும் பற்றி வளரும். அடியில் பழுப்பாக நிற்கும் இலைகளைக் காய்ந்தவை என்று பிய்த்துவிடாதீர்கள். மேலிருந்து விழும் சருகைப் பிடித்துவைத்து, அதையே மக்க வைத்து உணவாக்கிக்கொள்ள உதவுபவை அவை. மலையிலிருந்து பிடுங்கி வராமல், நர்சரியில் வளர்த்ததை வாங்குங்கள். காட்டிலிருந்து அள்ளிக்கொண்டே இருந்தால் அங்கே மிஞ்சாது.

இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூச்சி என்று மருந்து அடித்துவிடுகிறார்கள். பூவும் விதையும் இல்லாத பெரணிக்கு அவைதான் வித்துப்பைகள். முற்றிய இலையைக் காகிதத்தில் இரண்டு நாள் வைத்தால் பொடி உதிரும். கொதிநீர் ஊற்றி ஆறவைத்த செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, பொடியைத் தூவிக் கண்ணாடியால் மூடுங்கள். சில வாரங்களில் பச்சைப் படலம் படரும். பிறகு நகத்தளவு இதய வடிவத் தகடுகள் வரும். ஆணணு முட்டைக்கு நீந்திப் போவது அந்தத் தகடுகளின் அடிப்பக்கத்தில் நிற்கும் நீரில்தான். அதனால் இளம் பெரணி முளைத்து இலை விரிக்கும்வரை, மாதக்கணக்கில் ஆனாலும், செங்கல் காயக் கூடாது.