கிளச் மிதி தரையோடு போனால்...



சென்ற மாசி மாதம் இரவு வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் நிறுத்துவதற்குக் கிளச்சை மிதித்தால், மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியர் விடுபடவில்லை. கார் குலுங்கி நின்றது. மறுநாள் கராஜில் “கிளச் முழுவதும் மாற்றவேண்டும்” என்று 700 பவுண் கேட்டார்கள். கடைசியில் மாற்றியது ஒரு சிறிய றப்பர் வளையம்தான். அதனால்தான் இதைப் பற்றிப் பேச வந்தேன்.

இன்று பல கார்களில் கிளச் எண்ணெய் அமுக்கத்தால் இயங்குகிறது. மிதியை அழுத்தினால் மேல் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். அது குழாய் வழியே கியர்ப்பெட்டிக்குப் போய்க் கீழ்ச் சிலிண்டரை அசைக்கும். எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். எனவே குழாயில் காற்றுப் புகுந்தால், அல்லது எண்ணெய் ஒழுகினால், மிதி வெறுமையாகக் கீழே போகும்.

மிதி வழமைபோல இருந்து, என்ஜின் இரைந்தும் கார் வேகம் எடுக்காவிட்டால், அது கிளச் தட்டுத் தேய்ந்ததன் அறிகுறி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் எண்ணெய்க் குடுவையைப் பாருங்கள். பல கார்களில் பிறேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே குடுவைதான். மட்டம் இறங்கியிருந்தால் பிறேக்கையும் சோதிக்காமல் ஓடக்கூடாது. அடுத்து, மிதிக்கு மேலே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேல் சிலிண்டர் ஒழுகுகிறது. பிறகு குழாய் கியர்ப்பெட்டியோடு சேரும் இடத்தைத் துடைத்துவிட்டு, இன்னொருவரை மிதிக்கச் சொல்லிக் கவனியுங்கள். மூட்டில் கசிந்தால் செலவு சிறிது. கியர்ப்பெட்டியின் அடியிலிருந்து பிறேக் எண்ணெய் சொட்டினால், பல கார்களில் கீழ்ச் சிலிண்டர் உள்ளேயே இருப்பதால், பெட்டியைக் கழற்றவேண்டி வரும்.

அநேக கார்களில் அந்த மூட்டை ஒரு கம்பிக் கிளிப்தான் பிடித்திருக்கும். என் காரில் முன்பு யாரோ கழற்றிப் பூட்டியபோது வளையம் நெரிந்து, கிளிப்பும் முழுதாக விழவில்லை. புது வளையத்தில் பிறேக் எண்ணெய் தடவி, ‘கிளிக்’ என்று கேட்கும்வரை தள்ளி, இழுத்துப் பார்க்கவேண்டும். மூடியில் எழுதியிருக்கும் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். பிறேக் எண்ணெய் கேட்கும் இடத்தில் என்ஜின் ஒயில் விட்டால் றப்பர் ஊதிக் கெட்டுவிடும். குழாய் கழன்றிருக்கும்போது மிதியைத் தொடவேண்டாம். கடைசியில் காற்றை வெளியேற்றியபின்பே ஓடலாம்.

காருக்குக் கீழே போவதென்றால் ஜக்கை மட்டும் நம்பாமல் தாங்கிகள் வையுங்கள். நீங்களே செய்யாவிட்டாலும் பரவாயில்லை. “எங்கே ஒழுகுகிறது, காட்டுங்கள்” என்று கராஜில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எனக்கு ஒரு மாத வாடகையின் பெரும் பகுதியை மிச்சப்படுத்தியது.